மண் எண்ணெயை எடுக்கும், கறுப்பை எடுக்காது

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மலேசியாவில், பேராக் மாநிலத்துப் பீடோரில் இருக்கிறீர்கள், வயது 24, எண்ணெய் வழியும் முகம், கன்னத்திலும் தாடையிலும் பரு வந்து போன கறுப்புப் புள்ளிகள். ஆன்லைனில் வாங்கிய சாம்பல் நிற மண் பவுடரை வாரத்தில் மூன்று நாள் பூசி, காய்ந்து வெடிக்கும் வரை அரை மணி நேரம் வைத்து, நன்றாகத் தேய்த்துக் கழுவுகிறீர்கள். செத்த தோல் உரிந்து முகம் தெளியும் என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். முதல் இரண்டு வாரம் பளிச்சென்று இருந்தது, இப்போது எரிகிறது, புள்ளிகள் முன்பைவிடக் கறுத்துத் தெரிகின்றன. இன்னும் அடிக்கடி போடுவதா, விட்டுவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, நம் ஊரில் வெட்டி எடுக்கும் வெள்ளை மண்ணையே கொண்டுவந்து பூசலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், மூன்று மாதத்தில் வரும் அக்கா கல்யாணத்துக்குள் அந்தப் புள்ளிகள் போகுமா, அதற்கு இந்த மண் உதவுமா என்பதுதான் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். மண் அதற்கு உதவாது. நீங்கள் போடும் முறையில் போட்டால் புள்ளிகள் கூடத்தான் செய்யும். இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். ஆனால் மண்ணே கெட்டது என்று நினைத்துவிட வேண்டாம். எண்ணெய் முகத்துக்கு அது நல்ல பொருள். எந்த வேலைக்கு அது ஆகும், எதற்கு ஆகாது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நானும் பீடோர்தான். கடைவீதியில் 21 வருடமாக அழகு நிலையம் வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு கோலாலம்பூரில் தங்கி முறையாகப் படித்தேன். சுற்றியிருக்கும் தோட்டங்களிலிருந்து வரும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், கல்யாணப் பெண்கள் என்று ஆயிரக்கணக்கான முகங்களை விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. நோய் என்று பெயர் வைப்பதும் மருந்து எழுதுவதும் என் வேலை இல்லை. அந்த எல்லை வரும் இடத்தில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

‘செத்த தோலை உரிக்கும்’ என்ற பேச்சிலிருந்து தொடங்குவோம். களிமண் என்பதே துகளின் அளவை வைத்து வந்த பெயர். மணலைவிடப் பொடியானது வண்டல், வண்டலைவிடப் பொடியானது களி. களித் துகள் 2 மைக்ரோனுக்கும் குறைவு. நம் தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன் என்றால் எவ்வளவு நுணுக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கயோலின் என்ற நல்ல வெள்ளை மண்ணை ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீர் விட்டு இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள், வெண்ணெய் மாதிரி வழுக்கும். அப்படி வழுக்கும் பொருள் தோலை உராய்ந்து எடுக்காது. சர்க்கரையும் காப்பித்தூளும் ஸ்கிரப் ஆகும், களிமண் ஆகாது. அப்படியானால் கழுவும்போது உங்கள் கையில் செதில் செதிலாக வந்தது என்ன? பெரும்பாலும் காய்ந்த மண்ணும் அதில் ஊறிய எண்ணெயும்தான். அதோடு கொஞ்சம் தோலும் வந்திருந்தால், அதை எடுத்தது உங்கள் கையும் துண்டும். காய்ந்து இறுகிய மண்ணைத் தேய்த்துக் கழற்றும்போது, அது பிடித்துக்கொண்டிருக்கும் மேல்தோலும் சேர்ந்து இழுபடுகிறது. உதிர வேண்டியது மட்டும் அப்போது உதிராது, இருக்க வேண்டியதும் போய்விடும்.

மேல்தோலின் வெளிப்புறம் 15, 20 அடுக்குச் செல்கள்தான். உங்கள் வயதில் அது தானாகவே ஏறக்குறைய நான்கு வாரத்தில் ஒரு சுற்றுப் புதுப்பித்துக்கொள்ளும். வாரம் மூன்று முறை அதைப் பிடுங்கினால் தோலுக்குத் தன் வேலையை முடிக்க நேரம் கிடைக்காது. தண்ணீர் பட்டாலே எரிவது அதனால்தான். சில மாஸ்க் டப்பாக்களில் ‘எக்ஸ்ஃபோலியேட்டிங்’ என்று போட்டிருப்பார்கள். அவற்றில் மண்ணோடு சாலிசிலிக் அமிலமோ கிளைகோலிக், லாக்டிக் அமிலமோ சேர்த்திருப்பார்கள், இல்லையென்றால் கொட்டைப் பொடி மாதிரி ஏதாவது போட்டிருப்பார்கள். அங்கே உரிக்கும் வேலையைச் செய்வது அந்தச் சேர்க்கை. மண் அதைச் சுமந்து வரும் வண்டி.

மண் செய்யும் வேலை எண்ணெயை உறிஞ்சுவது. முல்தானி மிட்டியை நம் ஊர் மளிகைக்கடையில் பாக்கெட்டில் பார்த்திருப்பீர்கள். அந்த வகை மண்ணை ஒரு காலத்தில் கம்பளி நெய்கிறவர்கள் ஆட்டு ரோமத்தின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கத்தான் வைத்திருந்தார்கள். இன்னும் பக்கத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. என் அண்ணன் கிள்ளானில் பாமாயில் சுத்திகரிப்பு ஆலையில் வேலை செய்தார். நம் தோட்டங்களிலிருந்து போகும் செம்பனை எண்ணெய் அங்கே போகும்போது நல்ல ஆரஞ்சுச் சிவப்பு. அதில் பக்குவப்படுத்திய பெண்டோனைட் மண்ணைக் கலந்து, ஏறக்குறைய 100 டிகிரி சூட்டில் ஓட்டி வடிகட்டுவார்கள். நிறத்தில் ஒரு பகுதியை மண் பிடித்துக்கொள்ளும், மிச்சம் அதற்கடுத்த கட்டத்தின் பெரும் சூட்டில் போய்விடும். இந்தக் கதையைச் சொன்னதும் என் வாடிக்கையாளர் ஒருவர், “அப்படின்னா அக்கா, முகத்துக் கறுப்பையும் இழுத்துடும்தானே?” என்று கேட்டார். இழுக்காது. பாமாயிலின் சிவப்பு எண்ணெயிலேயே கரைந்து கிடக்கிறது, மண் அதைத் தொட முடியும். உங்கள் கன்னத்துப் புள்ளியின் கறுப்பு தோல் செல்லுக்கு உள்ளே இருக்கிறது. மேலே பத்து நிமிடம் உட்காரும் மண்ணுக்கு அங்கே கை எட்டாது.

‘நச்சை வெளியே இழுக்கும்’ என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் அதையும் நம்ப வேண்டாம். உடம்பின் கழிவை எடுப்பது ஈரலும் சிறுநீரகமும். மாஸ்க் போட்டுக் கழுவியதும் தோல் துவாரங்கள் சின்னதாகத் தெரிவது உண்மை, ஏனென்றால் அவற்றில் நின்ற எண்ணெய் போயிருக்கிறது. இரண்டு நாளில் பழையபடி ஆகிவிடும். துவாரத்துக்குத் திறந்து மூடும் கதவு கிடையாது, ஆவி பிடித்தாலும் திறக்காது. மூக்கின் மேல் வரிசையாக இருக்கும் சாம்பல் நிறப் பொட்டுகளும் பெரும்பாலும் அழுக்கு இல்லை. அது அந்தத் துவாரத்தின் இயல்பான எண்ணெய்த் திரி, எடுத்தாலும் சில வாரத்தில் மறுபடி நிறையும். அதை நினைத்துக் கவலைப்பட்டு மூக்கைப் புண்ணாக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

பருவுக்கு மண் உதவுமா என்பதில் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஜெர்மனியில் 2012-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், களிமண்ணும் ஜொஜோபா எண்ணெயும் சேர்ந்த மாஸ்க்கை வாரம் இரண்டு மூன்று முறை 6 வாரம் போட்ட 133 பேருக்குப் பருவும் கட்டியும் சராசரியில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாஸ்க் போடாத இன்னொரு குழுவை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பரு தானாகவே ஏறி இறங்கும் சுபாவம் உள்ளது. அதனால் மண்தான் குறைத்தது என்று அடித்துச் சொல்ல அது போதாது. என் அனுபவத்தில், எண்ணெய் முகத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிப் பரு உள்ளவர்களுக்கு வாரம் ஒரு முறை மண் போட்டால் முகம் லேசாக இருக்கிறது, மேக்கப்பும் நன்றாக உட்கார்கிறது. வலியோடு உள்ளே உருண்டையாக வரும் பருவை மண் தொட்டதே இல்லை.

மண்ணிலும் வகை உண்டு, உங்கள் எரிச்சலுக்கு ஒரு காரணம் அதில் இருக்கலாம். வேடிக்கை என்னவென்றால் இந்த மண்களுக்கு எல்லாம் ஊர்ப் பெயர்தான். கயோலின் சீனாவின் காவ்லிங் என்ற இடத்துப் பெயர், முல்தானி பாகிஸ்தானின் முல்தான், பெண்டோனைட் அமெரிக்காவின் ஃபோர்ட் பெண்டன். கயோலின் வெள்ளையாக, சாதுவாக இருக்கும். தண்ணீரில் உப்பாது, எண்ணெயை மிதமாக எடுக்கும். அம்மா சொல்வார், தோட்டத்து ஆஸ்பத்திரியில் வயிற்றுப்போக்குக்கு டிரெஸர் (மருத்துவ உதவியாளர்) ஒரு வெள்ளை மருந்து கொடுப்பாராம், குலுக்கிக் குடிக்காவிட்டால் அடியில் மாவாகப் படிந்துவிடுமாம். அதுவும் கயோலின்தான். பெண்டோனைட் அப்படி இல்லை. அதன் அடுக்குகளுக்கு இடையில் தண்ணீர் புகுந்து பல மடங்கு உப்பும், காயும்போது அதே வேகத்தில் சுருங்கும். முகத்தை யாரோ பிடித்து இழுப்பது போலிருக்கும் அந்த இறுக்கம் அங்கிருந்து வருகிறது. அதோடு பெண்டோனைட் கரைத்த தண்ணீரின் பி.எச். (புளிப்பையும் காரத்தையும் அளக்கும் எண், 7-க்கு மேல் காரம்) பெரும்பாலும் 8.5-க்கும் 10-க்கும் நடுவில் இருக்கும். நம் தோலின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டிய லேசான புளிப்பில் இருக்கும்போதுதான் நலமாக இருக்கும். உங்கள் சாம்பல் நிறப் பவுடர் பெண்டோனைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம், என்றாலும் நிறத்தை வைத்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நான் கடை திறந்த இரண்டாம் வருடம் ஒரு தவறு செய்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பெண், கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் ஃபேஷியலுக்கு வந்தார். பெண்டோனைட்டைக் கனமாகப் பூசி, சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனை முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டு, இன்னொருவருக்குப் புருவம் எடுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மூக்கோரத்திலும் கன்னத்திலும் மழை பெய்யாத வயல் மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தேன். கன்னம் செம்பழுப்பாகச் சூடேறி இருந்தது. கல்யாணத்தன்று காலை நாலரை மணிக்கு அதே முகத்துக்கு மேக்கப் போட உட்கார்ந்தேன், கன்னத்தில் ஃபவுண்டேஷன் நிற்கவில்லை, தோல் பொடிப் பொடியாக எழும்பி அதோடு திரண்டு வந்தது. அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்தபோது, வெடித்த இடத்தில் எல்லாம் சாம்பல் கலந்த கறுப்புத் திட்டு இருந்தது. அன்றிலிருந்து என் கடையில் மண் போட்ட முகத்தை விட்டு யாரும் நகர்வதில்லை. கல்யாணத்துக்கு இரண்டு வாரத்துக்குள் எந்தப் புது மாஸ்க்கும் போடுவதில்லை.

அந்தத் திட்டு ஏன் வந்ததோ, அதே காரணத்தால்தான் உங்கள் புள்ளிகளும் கறுக்கின்றன. நம்முடையது மாதிரியான பழுப்பு நிறத் தோலில் எங்கே எரிச்சல் வந்தாலும், காயம் பட்டாலும், நிறம் உண்டாக்கும் செல்கள் தூண்டப்பட்டு அங்கே மெலனின் என்ற நிறப்பொருளைக் கூடுதலாகக் கொட்டிவிடும். பரு ஆறியபின் நிற்கும் புள்ளி அதுதான். அது தழும்பும் இல்லை, அழுக்கும் இல்லை. அதைத் தேய்த்தால் மறுபடி எரிச்சல், மறுபடி மெலனின். தேய்க்கத் தேய்க்கக் கறுக்கும். இதில் சந்தேகமே கிடையாது.

சரி, இப்போது என்ன செய்வது? இன்றிலிருந்து நான்கு வாரம் மண் வேண்டாம், ஸ்கிரப் வேண்டாம், எலுமிச்சை வேண்டாம். எலுமிச்சையைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அதன் சாற்றிலும் தோலிலும் உள்ள ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்தால் தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கி, மாதக் கணக்கில் போகாத கறுப்புக் கோட்டை விட்டுப் போகும். வாசனையில்லாத மென்மையான ஃபேஸ்வாஷால் காலையும் மாலையும் கழுவுங்கள். முகம் ஈரமாக இருக்கும்போதே எண்ணெய் சேராத மாய்ஸ்சரைசரைத் தடவுங்கள். எண்ணெய் முகத்துக்கு எதற்கு அது என்று நினைக்காதீர்கள், உங்கள் முகத்தில் எண்ணெய் இருக்கிறது, தண்ணீர் இல்லை. எரிச்சல் அடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும்.

அதைவிட முக்கியம் வெயில். புள்ளி மறைவதும் மறையாததும் இதில்தான் இருக்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், மத்தியானத்தில் இங்கே புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம். மேகம் மூடியிருந்தாலும் அது வரும், கார்க் கண்ணாடி வழியாகவும் ஒரு பகுதி வரும். நீங்கள் மோட்டாரில் வேலைக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். புழுக்கத்துக்கு ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் போவோம் இல்லையா, அந்த இருபது நிமிடம் கன்னத்துக்கு நேர் வெயில். எஸ்பிஎஃப் 30-க்கு மேல், பிஏ குறியில் மூன்று கூட்டல் உள்ள சன்ஸ்கிரீனை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்குக் கோடு போட்டு எடுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். பெரும்பாலானவர்கள் பட்டாணி அளவு தடவிவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். ஜிங்க் ஆக்சைடு உள்ளவை நம் நிறத்தில் சாம்பல் பூசினாற்போல் தெரிந்தால், பழுப்பு நிறம் சேர்த்தவை கிடைக்கின்றன. அந்த நிறத்தைக் கொடுக்கும் இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுப்பதால், கறுப்புப் புள்ளி உள்ளவர்களுக்கு அதுவே மேல்.

மூன்று மாதத்தில் போய்விடுமா என்றால், உள்ளதைச் சொல்கிறேன். மேலாக இருக்கும் பழுப்புப் புள்ளிகள் மூன்று மாதத்தில் நன்றாகவே மங்கும். சாம்பல், நீலம் கலந்து தெரிபவை ஆழத்தில் இருப்பவை, அவற்றுக்கு ஒரு வருடமும் ஆகலாம். எரிச்சல் அடங்கியபின் ஃபார்மசியில் மருந்தாளரிடம் நியாசினமைடு, அசெலாயிக் அமிலம் இரண்டைப் பற்றியும் கேளுங்கள். புதிதாகப் பரு வருவதை நிறுத்தாமல் புள்ளியைப் போக்க முடியாது, அதனால் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் உங்களுக்குச் சரிவருமா என்றும் கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம், அது அவர்கள் வேலை.

ஒரு மாதம் கழித்து முகம் அமைதியாகிவிட்டால் மண்ணுக்குத் திரும்பலாம். கயோலினை எடுங்கள். பீங்கான் கிண்ணத்தில் இரண்டு டீஸ்பூன் மண்ணைப் போட்டு, கொதித்து ஆறிய தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழையுங்கள். பவுடரைக் கொட்டும்போது மூக்கை விலக்கிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதில்லை. இரும்புக் கரண்டி பட்டால் மண்ணின் சக்தி போய்விடும் என்பார்கள், ஒரு நிமிடம் கலக்குவதில் ஒன்றும் ஆகாது. தோசை மாவைவிடக் கெட்டியாக, இட்லி மாவு பதத்தில் இருக்கட்டும். முதல் தடவை தாடைக்குக் கீழே ஒரு காசு அளவு பூசிக் கழுவிவிட்டு, இரண்டு நாள் அந்த இடத்தைக் கவனியுங்கள். ஒன்றும் இல்லையென்றால் நெற்றி, மூக்கு, முகவாய் என்று எண்ணெய் வழியும் இடத்துக்கு மட்டும் மெல்லியதாகப் பூசுங்கள். கண்ணோரமும் உதட்டோரமும் வேண்டாம், கிள்ளிய பரு மேலும் வேண்டாம்.

பிறகு கடிகாரத்தைப் பார்ப்பதைவிடக் கண்ணாடியைப் பாருங்கள். பூசிய மண் முதலில் பளபளவென்று ஈரமாக இருக்கும். அப்புறம் ஓரங்கள் வெளுக்கும், நடுவில் நிறம் கருமையாகவே இருக்கும், விரலால் தொட்டால் லேசாக ஒட்டும். கழுவ வேண்டிய நேரம் அதுதான். எண்ணெயை எடுக்கும் வேலை அதற்குள் முடிந்துவிடுகிறது, அதைத் தாண்டினால் மண் உங்கள் தோலின் ஈரத்தைக் குடிக்க ஆரம்பிக்கும். சாதாரணமாக எட்டுப் பத்து நிமிடம், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் ஐந்தே நிமிடம். உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து முகத்தில் ஒற்றி, மண் மறுபடி சேறாக இளகும் வரை பொறுங்கள். இளகியதும் அதுவே வழுக்கிக்கொண்டு இறங்கும், தேய்க்கவே வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து உடனே மாய்ஸ்சரைசர். வாரம் ஒரு முறைக்கு மேல் தேவையில்லை. குழைத்த மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள், ஈர மண்ணில் கிருமியும் பூஞ்சையும் சீக்கிரம் வளரும். பேக்கிங் சோடா, ஆப்பிள் சைடர் வினிகர் எதையும் அதில் கலக்காதீர்கள். தயிர் கலந்தால் இன்னும் மென்மை என்று பலர் சொல்வார்கள். கெடுதல் பார்த்ததில்லை, பெரிய பலனும் பார்த்ததில்லை.

நம் ஊர் வெள்ளை மண் கேள்விக்கு வருகிறேன். பீடோர், தாப்பா பக்கம் வெட்டுவது உண்மையான கயோலின்தான், கருங்கல் பல காலமாக மக்கி உண்டான மண். பேப்பர், பெயிண்ட், பீங்கான், ரப்பர் என்று பல தொழிலுக்குப் போகிறது. அதே மண்தானே, ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது நியாயமாகவே படும். இருந்தாலும் செய்யாதீர்கள். முகத்துக்கு விற்கும் கயோலினைக் கழுவி, மணலைப் பிரித்து, ஈயம், ஆர்சனிக் போன்ற உலோகங்கள் எவ்வளவு இருக்கின்றன என்றும் கிருமி இருக்கிறதா என்றும் பார்த்து அனுப்ப வேண்டும். குழியில் கிடப்பதற்கு அந்தச் சோதனை எதுவும் இல்லை. அதோடு நம் நாட்டு ஈர மண்ணிலும் தண்ணீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பாக்டீரியா வாழ்கிறது. கீறலோ புண்ணோ இருந்தால் அதன் வழியாக உள்ளே போகும், உயிருக்கே ஆபத்தாகலாம், இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு அபாயம் மிக அதிகம். பரு உடைந்த முகம் என்பது திறந்த புண் உள்ள முகம். பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டையோரத்து மண்ணுக்கும், புற்று மண்ணுக்கும் இதே பதில்தான். தோட்டத்துப் பெரியவர்கள் புற்று மண் பூசினார்கள் என்று என்னிடம் சொல்பவர்கள் உண்டு. அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் என் மகள் முகத்தில் நான் அதைப் பூச மாட்டேன். அந்தக் காலத்து வழியில் ஏதாவது வேண்டுமென்றால் பெடாக் சீஜோக் இருக்கிறது. அது மண் இல்லை, அரிசியை நாள் கணக்கில் ஊறவைத்து அரைத்துச் செய்வது, சுத்தமாகச் செய்தது என்றால் குளிர்ச்சியாக இருக்கும்.

வாங்கும் பொருளிலும் ஒன்றைப் பார்த்துப் பழகுங்கள். மலேசியாவில் விற்கும் அழகுப் பொருளுக்குச் சுகாதார அமைச்சின் கீழுள்ள என்பிஆர்ஏ என்ற மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அறிவிப்பு எண் இருக்க வேண்டும். அது ‘நாட்’ (NOT) என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கி, எண்கள் வந்து, ‘கே’ (K) என்று முடியும். அவர்கள் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். எண் இருந்தால் அரசாங்கம் சோதித்துவிட்டது என்று அர்த்தமில்லை, நிறுவனம் பொறுப்பேற்றுத் தெரிவித்திருக்கிறது என்றுதான் அர்த்தம். எண் இல்லாவிட்டால் பொறுப்பேற்கவே ஆள் இல்லை. 2016-ல் அமெரிக்காவில் ஒரு பெண்டோனைட் பவுடரில் ஈயம் அதிகம் என்று அரசே எச்சரித்தது. மண்ணைக் குடிக்கவோ தின்னவோ கூடாது என்பதற்கும் அது போதுமான காரணம், கர்ப்பிணிகள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

இதைக் கேட்பதில் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: பாசார் மாலாமிலோ (இரவுச் சந்தையிலோ) தெரிந்தவர் மூலமோ வாங்கிய வெளுக்கும் கிரீம் எதையாவது இரவில் போடுகிறீர்களா? கடைக்கு ‘மாஸ்க் எரிகிறது’ என்று வருபவர்களில் பாதிப் பேர் கைப்பையில் பெயரில்லாத மஞ்சள் டப்பா ஒன்று இருக்கும். என்பிஆர்ஏ அடிக்கடி வெளியிடும் பட்டியலில் பாதரசம், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் கலந்த கிரீம்களின் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் சில தோலை மெலிய வைத்துவிடும், அதன் மேல் மண் என்ன, தண்ணீர் பட்டாலும் எரியும். போடுகிறீர்கள் என்றால் அந்த டப்பாவோடு அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று நிறுத்தினாலும் சிலருக்கு முகம் பொங்கிவிடும், அவர்கள் சொல்கிறபடி நிறுத்துங்கள். ஒரு ரிங்கிட்தான் செலவு.

வேறு சில நிலைமைகளிலும் என்னிடம் வராமல் அங்கேதான் போக வேண்டும். நெற்றியில் ஒரே அளவில் பொடிப் பொடியாக வந்து அரித்தால் அது பரு இல்லாமல் பூஞ்சையாக இருக்கலாம், நம் புழுக்கத்தில் சகஜம், அதற்கு மருந்தே வேறு. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டே தூங்குகிறவர்களுக்கும் நெற்றியோரம் பொடிப் பரு வரும். எண்ணெயைக் குறைத்து, தலையணை உறையை மாற்றிப் பார்த்தாலே பலருக்கு அடங்கிவிடுகிறது. வலிக்கும் உருண்டைப் பரு, குழி விழுதல், மாதவிடாய் ஒழுங்கில்லாமல் தாடையில் மட்டும் பரு, இவை மருத்துவர் பார்க்க வேண்டியவை. பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் மண்ணும் வேக்ஸிங்கும் அறவே கூடாது.

பாக்கெட்டின் பின்பக்கத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படித்து இங்கேயே எழுதுங்கள், முதல் ஐந்து பெயர் போதும். அறிவிப்பு எண் இருக்கிறதா என்றும் சொல்லுங்கள். பெண்டோனைட் மட்டும்தானா, அமிலம் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அக்கா கல்யாணத்துக்கு மேக்கப் போடப்போகிறவரிடம், இப்போது முகம் எரிச்சலில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.